மருத்துவமனைக் கடனும் மகனின் மதிப்பெண்ணும்



சென்ற திங்கள் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று, கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியது. நீல மையில், வரி கோணாமல், நான்கு பக்கம். அதில் ஒரு பகுதியை மட்டும் இங்கே தருகின்றோம்.

“என் மகன் அமெரிக்காவில், அட்லாண்டா நகரில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறான். இதுநாள் வரை யாரிடமும் ஐந்து பைசா கடன் வாங்கியவன் இல்லை. அவனுடைய வாப்பா மவுத்தானபோது, ஜனாஸா தொழுகைக்கு முன்னால் எழுந்து நின்று, ‘என் வாப்பா யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் என்னிடம் வாருங்கள், நான் தருகிறேன்’ என்று சொன்னவன். ஒருவரும் வரவில்லை. அப்படிப்பட்ட பிள்ளை இப்போது வீடு வாங்கப் போனால், ‘உங்கள் பேரில் வசூலுக்குப் போன கடன் ஒன்று நிற்கிறது, மதிப்பெண் குறைந்துவிட்டது’ என்று சொல்கிறார்களாம். அவன் போனில் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் இரண்டு நாளாக உறக்கம் இல்லை. கடன் வாங்காதவன் எப்படிக் கடன்காரன் ஆனான்? மதிப்பெண் போடுகிறவர்கள் யார்? நீங்கள் விசாரித்து எழுத வேண்டும்.”

சகோதரியாரே, விசாரித்தோம். தங்கள் மகனாருக்கும் எழுதிக் கேட்டோம். அவர் பொறுமையாக விரிவான மறுமொழி அனுப்பியிருந்தார். தங்களைப் போலவே பிள்ளைகளை அந்நாட்டில் வைத்துக்கொண்டு இங்கே கவலைப்படும் தாய்மார்கள் நம் வாசகர்களிடையே பலர் இருப்பதால், தங்களுக்கு எழுத வேண்டிய விடையை எல்லோருக்குமாக இங்கே எழுதுகின்றோம்.

நடந்தது இதுதான். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஓர் இரவு, தங்கள் பேரனுக்கு, அப்போது இரண்டு வயது, காய்ச்சல் முற்றி ஜன்னி கண்டுவிட்டது. பிள்ளையின் கண்கள் மேலே செருகிக்கொண்டதைக் கண்ட பெற்றோர் அவசர எண்ணை அழைத்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. நீட்டிய தாளில் தந்தை கையெழுத்திட்டார். விடிவதற்குள் பிள்ளை தேறிவிட்டான். அதற்கு எல்லாப் புகழும் இறைவனுக்கே. மருத்துவமனையின் பில்லைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றது. அவர் பங்குக்கு வந்ததை அவர் உடனே கட்டினார். அடுத்த மாதமே வேறு வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

ஆனால் ஆம்புலன்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்தது அன்று. அதற்கெனத் தனியே ஒரு பில் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. 1,420 டாலருக்கான அந்தப் பில் ஏப்ரல் மாதம் பழைய முகவரிக்குச் சென்றது. பிறகு ஒரு நினைவூட்டல், அதன் பிறகு இன்னொன்று. இலையுதிர் காலத்தில் அந்தக் கணக்கு ஒரு வசூல் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2025-ஆம் ஆண்டின் நடுவில் அவருடைய கடன் அறிக்கையில் ஒரு வரியாக ஏறியது. செப்டம்பரில் வீடு வாங்க விண்ணப்பித்தபோதுதான் அந்த வரியை அவர் முதன்முதலாகப் பார்த்தார். எழுபது புள்ளிகளுக்கு மேல் சரிந்திருந்தது.

இனி, மதிப்பெண் போடுகிறவர்கள் யார் என்ற தங்கள் கேள்விக்கு வருவோம்.

அமெரிக்காவில் ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் திரட்டி வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் மூன்று. ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்பன அவை. இவை அரசுத் துறைகள் அல்ல, தனியார் நிறுவனங்கள். வங்கிகளும் கடன் அட்டை நிறுவனங்களும் வசூல் நிறுவனங்களும் தரும் செய்திகளை இவை சேர்த்துவைத்து, கேட்போருக்கு விற்கின்றன. அந்தச் செய்திகளைக் கணக்கிட்டு ஒரே எண்ணாகச் சுருக்கித் தருவது மற்றொரு வேலை. பில் ஃபேர் என்ற பொறியாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணித வல்லுநரும் 1956-இல் தொடங்கிய நிறுவனம்தான் அதில் முன்னோடி. அவர்கள் பெயராலேயே ‘ஃபிகோ’ என வழங்கும் பொதுவான மதிப்பெண் 1989-இல் நடைமுறைக்கு வந்தது. 300-இல் தொடங்கி 850 வரை செல்லும். 2006-இல் மேற்சொன்ன மூன்று நிறுவனங்களும் கூடி ‘வான்டேஜ் ஸ்கோர்’ என்று போட்டியாக ஒன்றையும் உருவாக்கின.

ஃபிகோ மதிப்பெண்ணில் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு, வாங்கியதை ஒழுங்காகத் திருப்பிக் கட்டினீர்களா என்பதற்கே. மீதி, எவ்வளவு கடன் நிலுவை, எத்தனை ஆண்டு வரலாறு என்பன போன்றவற்றுக்கு. வசூலுக்குப் போன கணக்கு என்பது அந்த முதல் பங்கில் விழும் கரும்புள்ளி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏற்கெனவே பல தவணைகளைத் தவறவிட்டவருக்கு இன்னொரு புள்ளியால் பெரிய இழப்பு இல்லை. ஒருநாளும் தவறாதவருக்குத்தான் அடி பலமாக விழுகிறது. வெள்ளைத் துணியில் பட்ட மை போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“வட்டிக் கடனே வேண்டாம் என்று இருப்பவனுக்கு இந்த மதிப்பெண் எதற்கு?” என்று தாங்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால் அங்கே வாடகைக்கு வீடு கேட்டால் வீட்டுக்காரர் அதைப் பார்க்கிறார். பல மாநிலங்களில் கார்க் காப்பீட்டின் கட்டணம் அதைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. மின் இணைப்புக்கும் தொலைபேசிக்கும் முன்பணம் கேட்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்யவும் அது உதவுகிறது. சில வேலைகளுக்கு ஆள் எடுப்போர் விண்ணப்பித்தவரின் சம்மதம் பெற்று அவருடைய கடன் அறிக்கையைக் கேட்டு வாங்குகின்றனர். தங்கள் மகனார் அணுகியதும் வட்டி கலவாத முறையில் வீடு வாங்க உதவும் ஒரு நிறுவனத்தைத்தான். அத்தகைய நிறுவனங்களும் மதிப்பெண்ணைப் பார்த்தே முடிவு செய்கின்றன.

சரி, மருத்துவக் கடனை மற்றக் கடன்களோடு ஒரே தராசில் வைப்பது முறைதானா? ஒருவர் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிவிட்டுத் தவணை கட்டாமல் விட்டால், அது அவர் விரும்பிச் செய்த செலவு. ஜன்னி கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் விலை விசாரித்துவிட்டா ஓடுகிறார்? எந்த ஆம்புலன்ஸ் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கவும் அவரால் இயலாது. வந்த பில் சரிதானா, காப்பீட்டு நிறுவனம் அதில் எவ்வளவு தரும், மீதி யார் பொறுப்பு என்பதெல்லாம் தெளிவாக மாதங்கள் ஆகும். அதற்குள் கணக்கு ‘நிலுவை’ ஆகிவிடுகிறது.

இது நம்முடைய ஆதங்கம் மட்டும் அன்று. 2008-இன் நிதி நெருக்கடிக்குப் பின் 2010-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமெரிக்க அரசு அமைத்த நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, 2014-இல் இதை ஆராய்ந்து பார்த்தது. மருத்துவ வசூல் கணக்கு உள்ளவர்கள், அவர்களது மதிப்பெண் காட்டுவதைக் காட்டிலும் ஒழுங்காகவே மற்றக் கடன்களைக் கட்டுகிறார்கள் என்று கண்டது. மருத்துவக் கடனைக் கட்டித் தீர்த்துவிட்டவர்களின் மதிப்பெண் இருக்க வேண்டியதைவிட 22 புள்ளிகள் வரை குறைவாக இருந்ததாம். அதாவது, அந்த எண் எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதையே அது தவறாக அளந்துகொண்டிருந்தது. அதே அமைப்பு 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முந்தைய ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்கர்களின் கடன் அறிக்கைகளில் ஏறியிருந்த மருத்துவக் கடன் 8,800 கோடி டாலர்! வசூல் கணக்குகளாகப் பதிவானவற்றுள் பாதிக்கு மேல் மருத்துவக் கணக்குகளே.

இத்தனை ஆயிரம் கோடிக் கடனை வசூலிக்கக் கிளம்புகிறவர்கள் அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று கேட்டால் வியப்படைவீர்கள். வராத கடனை மருத்துவமனைகள் சில வேளைகளில் பங்கு அடிப்படையில் வசூலிக்கக் கொடுக்கின்றன. சில வேளைகளில் அடிமாட்டு விலைக்கு மொத்தமாக விற்றும் விடுகின்றன. 2016-ஆம் ஆண்டில் ஜான் ஆலிவர் என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் இதை நாட்டு மக்களுக்குக் காட்ட ஒரு காரியம் செய்தார். தாமே ஒரு வசூல் நிறுவனத்தைப் பதிவு செய்துகொண்டு, ஏறத்தாழ 9,000 பேருக்குரிய ஒன்றரைக் கோடி டாலர் மருத்துவக் கடனைச் சுமார் 60,000 டாலருக்கு வாங்கினார். ஒரு டாலர் கடனுக்கு அரை சென்ட் கூட இல்லை. வாங்கியதை வசூலிக்காமல், கடன் நீக்கும் ஒரு தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைத்து அத்தனையையும் தள்ளுபடி செய்தார். அந்தத் தொண்டு நிறுவனத்தை 2014-இல் தொடங்கிய இருவரும் முன்பு கடன் வசூல் தொழிலில் இருந்தவர்கள் என்பது கூடுதல் செய்தி.

நெருக்கடியில் இருப்பவனுக்குத் தவணை கொடு, இயன்றால் விட்டுக்கொடு என்ற போதனையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அரை சென்ட்டுக்கு வாங்கிய கடனுக்கு முழு டாலரைக் கேட்டு விரட்டும் இந்த வணிகம் மனத்தில் ஒட்டவில்லை. அது நிற்க.

பொதுமக்களின் குரல் உயர்ந்ததன் பயனாகச் சில மாறுதல்கள் வந்தன. 2015-இல் நியூயார்க் மாநிலத்தின் தலைமை வழக்குரைஞரோடு செய்துகொண்ட உடன்பாட்டின் தொடர்ச்சியாக, 2017 முதல் மருத்துவ வசூல் கணக்கை 180 நாள் கழிந்த பின்னரே அறிக்கையில் ஏற்றுவது என்று மூன்று நிறுவனங்களும் ஒப்புக்கொண்டன. 2022 ஜூலை 1 முதல் அந்த 180 நாள் ஓராண்டாக நீண்டது. அத்துடன், கட்டித் தீர்த்த மருத்துவ வசூல் கணக்கு அறிக்கையிலிருந்தே நீக்கப்படும் என்றும் அறிவித்தன. இது பெரிய மாறுதல். அதற்கு முன்பு, கட்டித் தீர்த்தாலும் ‘கட்டிய வசூல் கணக்கு’ என்ற பெயரோடு ஏழாண்டுகள் வரை அந்த வரி நின்று உறுத்திக்கொண்டிருந்தது. 2023 ஏப்ரலில், தொடக்கத் தொகை 500 டாலருக்குக் குறைவான மருத்துவ வசூல் கணக்குகள் யாவும் நீக்கப்பட்டன. வான்டேஜ் ஸ்கோரின் புதிய கணக்கீடுகள் மருத்துவ வசூலை அறவே பார்ப்பதில்லை. ஃபிகோவின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பும் அதன் பிறகு வந்தவையும் அதற்குக் குறைந்த எடையே தருகின்றன. ஆனால் வீட்டுக் கடன் தருவோர் நெடுங்காலமாகப் பயன்படுத்திவருபவை ஃபிகோவின் மிகப் பழைய பதிப்புகள். அவற்றுக்கு மருத்துவக் கடனும் ஒன்றுதான், தொலைக்காட்சிப் பெட்டியும் ஒன்றுதான். தங்கள் மகனார் தம் கைப்பேசியில் பார்த்த மதிப்பெண் ஒன்றாகவும், நிறுவனம் காட்டிய மதிப்பெண் வேறாகவும் இருந்ததன் காரணம் இதுவே.

இந்த மாறுதல்களுக்குப் பிறகும் ஒன்றரைக் கோடிப் பேரின் அறிக்கைகளில் 4,900 கோடி டாலர் மருத்துவக் கடன் எஞ்சி நின்றது. அதையும் அடியோடு நீக்க, 2025 ஜனவரியில் நுகர்வோர் அமைப்பு ஒரு விதியை வெளியிட்டது. அந்த விதி நடைமுறைக்கு வரவேயில்லை. கடன் தருவோரும் கடன் தகவல் நிறுவனங்களும் தொடுத்த வழக்கில், 2025 ஜூலை 11 அன்று டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் அனுமதித்திருப்பதை விதியால் தடுக்க அந்த அமைப்புக்கு அதிகாரம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். ஆட்சி மாறிய பின், விதியை இயற்றிய அமைப்பே அதைக் கைவிடச் சம்மதித்து நின்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். கடன் தருவோர் பக்கத்து வாதத்தையும் மறைக்க வேண்டாம். ஒருவர் எவ்வளவு சுமையோடு இருக்கிறார் என்பது தெரியாமல் மேலும் கடன் கொடுத்தால், அது வாங்குபவருக்கே கேடாக முடியும் என்கிறார்கள் அவர்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சரிபார்க்கப்படாத ஒரு பில்லைச் சுமை என்று எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்கு அவர்களிடம் விடை காணோம்.

கொலராடோவும் நியூயார்க்கும் 2023-இல் தங்கள் மாநில மக்களின் கடன் அறிக்கைகளில் மருத்துவக் கடன் ஏறக்கூடாது என்று சட்டம் செய்தன. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நாள் அத்தகைய சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேறு பல மாநிலங்களும் இந்த வழியில் சென்றுள்ளன. மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்ற கருத்தை நுகர்வோர் அமைப்பே 2025 அக்டோபரில் வெளியிட்டிருக்கிறது. ஆக, பிள்ளை எந்த மாநிலத்தில் குடியிருக்கிறார் என்பதும் முக்கியம் ஆகிவிட்டது.

இனித் தங்கள் மகனார் சந்தித்த சிக்கலுக்கு வருவோம். அந்த வரியில் மருத்துவமனையின் பெயரும் இல்லை, ஆம்புலன்ஸின் பெயரும் இல்லை. கேள்விப்படாத ஒரு வசூல் நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருந்தது. நோயாளியின் அந்தரங்கம் வெளிப்படக் கூடாது என்பதற்காகச் சட்டமே மருத்துவப் பெயரை மறைக்கச் சொல்கிறது. நல்ல நோக்கந்தான். ஆனால் எந்தக் கடன் இது என்று கடன்பட்டவருக்கே விளங்காமல் போய்விடுகிறது! மோசடி என்று நினைத்து அவர் முதலில் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டார்.

பிறகு அவர் செய்தது சரியானது. மற்றவர்களும் குறித்துக்கொள்ளத் தக்கது. வசூல் நிறுவனத்தோடு தொலைபேசியில் வாதாடவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. இந்தக் கடன் எதற்கு, யாருக்கு, எந்த நாளுக்குரியது என்பதற்கு ஆதாரம் கேட்டு எழுத்தில் அனுப்பினார். 1977-ஆம் ஆண்டின் கடன் வசூல் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. வசூல் நிறுவனத்தின் முதல் அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் மறுத்தால், ஆதாரம் தரும் வரை அவர்கள் வசூலை நிறுத்தியாக வேண்டும். (அந்தச் சட்டப்படி காலை எட்டு மணிக்கு முன்போ இரவு ஒன்பது மணிக்குப் பின்போ அவர்கள் தொலைபேசியில் அழைப்பதும் கூடாது.) தங்கள் மகனார் விஷயத்தில் முதல் அறிவிப்பும் பழைய முகவரிக்கே போயிருந்தது. ஆனாலும் கேட்டதற்கு ஆதாரம் வந்தது.

அதைப் பார்த்த பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. அந்த நள்ளிரவுப் பரபரப்பில் ஆம்புலன்ஸ்காரர்கள் காப்பீட்டு அட்டையின் எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு அந்தப் பில் போய்ச் சேரவே இல்லை. அவர் காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்டார். விண்ணப்பிக்கும் கெடு கடந்துவிட்டது என்று கைவிரித்தார்கள். எதிர்பாராத பில்களைத் தடுக்க 2022 ஜனவரி முதல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் நடைமுறையில் உள்ளது. வான்வழி ஆம்புலன்ஸும் அதில் அடங்கும். தெருவில் ஓடும் ஆம்புலன்ஸ் அடங்காது. ஏன் என்று கேட்டால் நீண்ட கதை. பலவற்றை ஊராட்சிகளும் தீயணைப்புத் துறைகளும் நடத்துவதால் வந்த சிக்கல் என்கிறார்கள்.

ஓர் இலக்கம். ஒரு முகவரி மாற்றம். இரண்டும் சேர்ந்து ஒரு நேர்மையாளரைக் கடன்காரர் பட்டியலில் ஏற்றிவிட்டன.

தாய்மார்களே, தந்தைமார்களே! பிள்ளைகளோடு பேசும்போது இவற்றைச் சொல்லிவையுங்கள். அவர்களுக்குத் தெரியாததா என்று எண்ணாதீர்கள். படித்த பிள்ளைகள்தாம் தபால் உறைகளைப் பிரிக்காமல் அடுக்கிவைக்கிறார்கள். வீடு மாறினால் அஞ்சலகத்தில் புதிய முகவரியைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மருத்துவமனைக்கு ஒரு முறை போனால் ஒரே பில் வரும் என்று எண்ண வேண்டாம். மருத்துவருக்கு ஒன்று, மயக்க மருந்து கொடுத்தவருக்கு ஒன்று, பரிசோதனைக் கூடத்துக்கு ஒன்று, வாகனத்துக்கு ஒன்று எனத் தனித்தனியே வரக்கூடும். வந்ததைக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் விளக்கத் தாளோடு ஒப்பிட வேண்டும். இன இனமாகப் பிரித்த பில்லைக் கேட்டு வாங்க வேண்டும்.

வருமானம் குறைந்தவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்றும் உண்டு. அந்நாட்டு மருத்துவமனைகளில் பாதிக்கு மேற்பட்டவை இலாப நோக்கமற்றவை என்று வரிவிலக்குப் பெற்றவை. அவை ஏழை நோயாளிகளுக்கான உதவித் திட்டம் ஒன்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். முதல் பில் அனுப்பி 120 நாள் ஆகும் வரை, கடன் தகவல் நிறுவனத்துக்குத் தெரிவிப்பது முதலான கடும் நடவடிக்கைகளில் இறங்கக் கூடாது. 240 நாள் வரை உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். கேட்காதவருக்குக் கிடைப்பதில்லை, கேட்பது யாசகமும் அன்று.

இன்னொரு குழி: பயந்துபோய் மருத்துவமனைப் பில்லைக் கடன் அட்டையில் கட்டிவிடுவது. கட்டிய அந்த நிமிடமே அது மருத்துவக் கடன் என்ற பெயரை இழந்து சாதாரண அட்டைக் கடன் ஆகிவிடும். ஓராண்டு அவகாசமும் இல்லை, 500 டாலர் சலுகையும் இல்லை, வட்டி வேறு. மருத்துவமனை வரவேற்பு மேசையிலேயே நீட்டப்படும் மருத்துவச் செலவு அட்டைகளும் இந்த வகைதான். மருத்துவமனையோடு நேரே பேசி, வட்டியில்லாத தவணை கேட்டால் பல இடங்களில் தருகிறார்கள். பழைய கடனுக்குச் சிறு தொகை கட்டுவதிலும் எச்சரிக்கை தேவை. பல மாநிலங்களில் அந்தச் சிறு தொகையே, வழக்குத் தொடுப்பதற்கான காலக்கெடுவைப் புதிதாகத் தொடங்கி வைத்துவிடும்.

கடன் அறிக்கையை மூன்று நிறுவனங்களிடமிருந்தும் வாரத்துக்கு ஒரு முறை கட்டணமின்றி இணையத்தில் பெறலாம். பிழை இருந்தால் மறுத்து எழுதலாம்; பொதுவாக 30 நாளுக்குள் அவர்கள் விசாரித்து முடிக்க வேண்டும். வீடு வாங்குவதற்கு ஆறு மாதம் முன்பே ஒருமுறை பார்த்துவிடுவது நலம் என்று தங்கள் மகனார் தம் மறுமொழியில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார். அந்த அடிக்கோட்டின் விலை அவருக்குத்தான் தெரியும்.

மகள் பிரசவத்துக்கென்று பயணம் போகும் பெற்றோருக்கும் ஒரு சொல். விசிட்டர் விசாவில் போகிறவர்கள் பயணக் காப்பீடு எடுக்காமல் விமானம் ஏற வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவில், பணம் இல்லை என்று சொல்லி உயிராபத்தில் இருப்பவரைத் திருப்பி அனுப்ப முடியாது. 1986 முதல் சட்டம் அப்படி. ஆனால் பில் பின்னால் வரும். அப்போது சேர்க்கைத் தாளில் மகனோ மருமகனோ ‘பொறுப்பேற்கிறேன்’ என்று கையெழுத்திட்டிருந்தால், நாம் ஊர் திரும்பிய பின் அந்தக் கடன் அவர் பெயரில் நிற்கும். அவரது மதிப்பெண்ணில் இறங்கும். கையெழுத்திடும் முன் தாளைப் படிக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தங்கள் மகனார் முடிவில் வசூல் நிறுவனத்தோடு பேசி 900 டாலருக்குத் தீர்த்தார். பேசிய அன்றே கட்டிவிடவில்லை. ‘முழுமையாகத் தீர்ந்தது, நிலுவை இல்லை’ என்று மூன்று நிறுவனங்களுக்கும் தெரிவிப்போம் என எழுத்தில் வாங்கிக்கொண்ட பின்பே, 2025 அக்டோபரில் கட்டினார். தீர்ந்த மருத்துவக் கணக்கு என்பதால் ஆறு வாரத்துக்குள் அந்த வரி மூன்று அறிக்கைகளிலிருந்தும் மறைந்தது. மதிப்பெண் ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. அவர்கள் பார்த்துவைத்திருந்த வீட்டை மட்டும் அதற்குள் வேறொருவர் வாங்கிவிட்டார். பள்ளிவாசலுக்கு நடந்து போகும் தொலைவில் இருந்த வீடாம். வேறு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பக்கங்கள் அச்சுக்குப் போகும் தறுவாயில் தாயாரிடமிருந்து இரண்டாவது மடல் வந்தது. இம்முறை ஒரே பக்கம்.

“தீர்ந்துவிட்டது என்று அவர்கள் கொடுத்த தாளை எனக்கும் ஒரு நகல் அனுப்பு என்று மகனிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மச்சான் மகனைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். அவன் வாப்பாவின் நிலப் பத்திரம் இருக்கும் பெட்டியில் அதையும் வைத்திருக்கிறேன்.”